எட்டுப் புட்டியும் முந்நூறு புட்டியும்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி, வெளுக்கப்பட்டு, அளவாக நறுக்கி மடிக்கப்பட்டு, பல ஊர் மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது; எல்லாருக்கும் எந்நாளும் வேண்டிய பொருளாகையால் அதைச் செய்வோரும் பலர், விலையும் குறைவு. பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோயின் மருந்துக்கோ உற்பத்தியாளர் ஓரிருவரே. அவர்கள் வைத்ததே விலை. இத்தகைய மருந்துகளை ஆராய்வதற்கு நிறுவனங்கள் முன்வர வேண்டும் என்று அமெரிக்கா 1983இல் ஒரு சட்டம் இயற்றி, அந்நாட்டில் 2 லட்சம் பேருக்கும் குறைவானோரைத் தாக்கும் நோய்களின் மருந்துக்கு 7 ஆண்டுத் தனி விற்பனை உரிமை அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் அதை 10 ஆண்டாக வைத்தது. மருந்துகள் வந்தன, எளியோர் கைக்கு அவை எட்டவில்லை.

முதுகுத்தண்டுவடத் தசை நலிவு நோய், சுருக்கமாக எஸ்.எம்.ஏ., இதற்குத் தக்க சான்று. தசைகளை இயக்கும் நரம்புச் செல்களைக் காக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருப்பதால், குழந்தை தலை நிற்காமலும் உட்கார முடியாமலும் தளர்ந்து, நோய் கடுமையாயின் மூச்சுவிடவும் திணறுகிறது. அறிகுறியே இல்லாத தாயும் தந்தையும் இப்பழுதைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு; சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் மிகுந்த தமிழ்நாடு இதனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடலிலுள்ள மாற்று மரபணுவைத் தூண்டி அப்புரதத்தைச் சுரக்கச் செய்யும் ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்து, நாள்தோறும் வாய்வழி கொடுக்கும் நீர்மம். 20 கிலோ எடையை எட்டிய குழந்தைக்கு ஒரு புட்டி 12 நாளுக்கு வரும்.

அப்புட்டிக்கு முதலில் இருந்த விலை சுமார் 6.2 லட்சம் ரூபாய். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை (2021) ஒரு நோயாளிக்கு வழங்கும் உச்ச உதவி, 2022இல் உயர்த்தப்பட்ட பின்னரும் 50 லட்சம் ரூபாயே. அதில் எட்டுப் புட்டி வாங்க முடிந்தது, மூன்று மாதம் தள்ள முடிந்தது. வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்தை மூன்று மாதத்தில் நிறுத்தச் சொல்லும் உதவியை உதவி என்பது கடினம். ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் இம்மருந்தைத் தானும் தயாரிக்க முனைந்தபோது, காப்புரிமை கொண்ட ரோச் நிறுவனம் தடை கோரியது. காப்புரிமையின் செல்லுபடி குறித்து முதல்நோக்கில் ஐயம் உள்ளது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சிலும், மேல்முறையீட்டில் அக்டோபரிலும் தடையை மறுக்க, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ ஒரு புட்டிக்கு வைத்த விலை 15,900 ரூபாய். அதே 50 லட்சத்துக்கு இப்போது முந்நூறுக்கும் மேற்பட்ட புட்டிகள், அதாவது பத்தாண்டு மருந்து.

சீனாவோ வேறு வழி கண்டது. இதே நோய்க்கான நுசினெர்சன் ஊசியின் விலையை, தேசியக் காப்பீட்டின் பெயரால் பேரம்பேசி, சுமார் 7 லட்சம் யுவானிலிருந்து 33,000 யுவானுக்கு 2021இல் இறக்கியது. நாடு முழுமைக்கும் ஒரே கொள்முதலாளராக நின்ற அரசுக்கு இது இயன்றது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதன்று. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலால் சாதாரண மருந்துகளின் விலையை முன்பே குறைத்துக் காட்டியது. ஆயினும் தேசியக் கொள்கையின்கீழ் சிகிச்சை பெற, திருவில்லிபுத்தூர்க் குழந்தை தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டிய இடம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் கிடத்தி, பெற்றோர் பொதிகை ரயிலில் இரவெல்லாம் செல்கின்றனர். நோயறுதியும் ஆண்டுப் பரிசோதனையும் எழும்பூரில் நடக்கட்டும். நீர்மமாகக் கரைத்தபின் குளிர்ச்சியில் காக்க வேண்டிய அப்புட்டிகளைக் கழகமே வாங்கி, 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருந்தகத்தில் மாதந்தோறும் வழங்குவதற்கு, 15,900 ரூபாய் விலையில், நிதியைக் காரணம் காட்ட இயலாது.