உதட்டு வெடிப்பு: வெண்ணெய் போதுமா?

(ஆத்தூர் வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் நலக் கல்வியாளர் பேசியது)



குடும்ப நலக் கூட்டம் என்று சொன்னதுமே நாலைந்து ஆண்கள் மெல்லப் பின்பக்கம் நகர்வதைப் பார்த்தேன். பயப்பட வேண்டாம். இன்று உதட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த ஆத்தூர் வட்டாரத்துக்குச் சுகாதாரப் பேச்சு புதிதும் அல்ல. 1959ஆம் ஆண்டிலேயே காந்திகிராமத்திலிருந்து முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். உங்கள் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் கேட்டுப் பழகிய பேச்சுதான் இது.

மார்கழி, தை மாதம் வந்தால் போதும். விடியற்காலையில் அணைக்கட்டுப் பக்கமிருந்து மலைக்காற்று இறங்குகிறது. புட்டியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிறது. மூன்றாம் நாள் உதடு வெடித்துவிடுகிறது. சிரித்தால் ரத்தம், குழம்பு பட்டால் எரிச்சல். இது ஏன் வருகிறது?

நம் உடம்புத் தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் இருக்கின்றன. அவை தோலைக் காயவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. தோலும் மிக மெல்லியது. வரப்பு இல்லாத வயலில் தண்ணீர் நிற்குமா? அதுபோல உதட்டில் ஈரம் தங்குவதில்லை. வறண்ட காற்று பட்டதும் காய்ந்து வெடிக்கிறது.

காய்ந்தவுடன் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? நாக்கால் நக்குவது. கூட்டத்திலேயே இரண்டு பேர் இப்போது நக்குகிறீர்கள். நான் யார் என்று சொல்லமாட்டேன். எச்சில் பட்ட நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது காயும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். சோற்றைச் செரிக்கிற சத்து எச்சிலில் இருக்கிறது. அது உதட்டுத் தோலையும் புண்ணாக்கும். பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாகக் கருத்துப்போவது பலசமயம் இந்தப் பழக்கத்தால்தான். உரிந்து நிற்கிற தோலைப் பல்லால் கடித்து இழுப்பதும் கூடாது. அது தானாக விழும்.

வைத்தியம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இரவு படுக்கும் முன் வெறும் தண்ணீரால் உதட்டைக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரப்பதம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ, உப்பில்லாத புது வெண்ணெயோ, நெய்யோ தடவ வேண்டும். இந்த வரிசை முக்கியம். எண்ணெய் ஈரத்தைத் தராது. இருக்கிற ஈரத்தை வெளியே போகாமல் மூடி வைக்கும். காய்ந்த உதட்டில் தடவுவதைவிட ஈர உதட்டில் தடவினால் பலன் அதிகம். பகலிலும் சாப்பிட்ட பிறகு, காட்டுவேலைக்குக் கிளம்பும் முன் தடவிக்கொள்ளலாம். விளக்கெண்ணெய் கெட்டியாக இருப்பதால் நெடுநேரம் நிற்கும். கடையில் விற்கும் வாஸ்லினும் தப்பில்லை. சில்லென்று இருக்கிறதே என்று தலைவலித் தைலத்தையும் கற்பூரம் கலந்த களிம்பையும் மட்டும் உதட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். வெடித்த இடத்தை அவை மேலும் எரிக்கும்.

கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருந்தால் ஒரு களிம்பு சொல்கிறேன். கலப்படமில்லாத தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நாலு பங்கு. அய்யம்பாளையம் பக்கம் தென்னைக்கா பஞ்சம்? ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து, மெழுகையும் எண்ணெயையும் அதில் போட்டு உருக்குங்கள். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், கவனம். உருகியதும் சுத்தமான, ஈரமில்லாத சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் கட்டியாகிவிடும். பனிக்காலம் முழுவதும் குடும்பத்துக்கே வரும். வாசனைக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

சிலர் எலுமிச்சம்பழத்தில் சீனியைத் தொட்டு உதட்டில் தேய்க்கிறார்கள். வெடித்த புண்ணில் புளிப்பையும் மணலையும் போட்டுத் தேய்த்த மாதிரிதான் அது. எலுமிச்சையைச் சோற்றில் பிழிந்து சாப்பிடுங்கள், அதற்கு வேறு பலன் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு ஆறும் என்பதும் ஊரில் உண்டு. வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் தொப்புளிலிருந்து உதட்டுக்குக் குழாய் எதுவும் கிடையாது. உதட்டுக்கும் கொஞ்சம் வையுங்கள்.

இந்த அளவில் பேச்சை முடித்திருக்கலாம். முடிக்க முடியாததற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் தடுப்பூசி நாள். இடுப்பில் பதினோரு மாதக் குழந்தை, வயிற்றில் ஐந்து மாதம். அப்படி ஒரு பெண் வந்தார். உதட்டின் நடுவில் அல்ல, இரண்டு கடைவாயிலும் வெடித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. “சார், வாயத் தொறந்தா எரியுது. காரம் பட்டா உசுரு போகுது” என்றார். கூட வந்த மாமியார், “பனிக்காத்துப்பா, வேறென்ன” என்றார். நானும், “ஆமாம்மா, வெண்ணெய் தடவுங்க, சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அத்தனை ஆண்டு அனுபவம் எனக்கு!

அந்தப் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர் கிராம சுகாதார செவிலியர். உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. நாக்கைப் பார்த்தார், வழவழவென்று சிவந்திருந்தது. ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்கும் கீழே. கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஏழுக்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை. அந்த நிலையில் பிரசவத்தின்போது சாதாரணமாகப் போகிற ரத்தமே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். காலையில் வரக்காப்பி. மத்தியானம் மிஞ்சிய சோறும் ரசமும். இரவு எல்லோரும் உண்ட பிறகு சட்டியில் இருப்பது. வீட்டில் கோழி முட்டையிடுகிறது; முட்டை வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும். மாடு கறக்கிறது; பால் சொசைட்டிக்கு. இரும்புச்சத்து மாத்திரை? அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அட்டை அட்டையாக இருந்தது. “அதத் தின்னா மலம் கருப்பாப் போகுது, பிள்ளையும் கருப்பாப் பொறக்கும்னாங்க” என்றார். நான் கணவரைப் பார்த்தேன். நல்ல பிள்ளை அவர். குடி கிடையாது. உதட்டுக்குக் களிம்புகூட செம்பட்டியிலிருந்து வாங்கி வந்திருந்தார். “முட்ட வேணும்னு அவ கேக்கவே இல்லையே சார்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அவர் கேட்கவில்லை. என் வீட்டிலும் என் மனைவி கேட்டதில்லை. நானும் பல வருடம் தட்டைப் பார்த்ததில்லை.

கடைவாய் வெடிப்புக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த சத்துணவு ஆராய்ச்சிக்கூடத்தில் அய்க்ராய்டு என்ற மருத்துவரும் கிருஷ்ணன் என்ற மருத்துவரும் இதை ஆராய்ந்து 1936இல் எழுதினார்கள். தீட்டிய அரிசிச் சோற்றையே பெரும்பாலும் தின்று, பாலும் காய்கறியும் அதிகம் காணாத தென்னாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைவாயும் நாக்கும் புண்ணாயிருந்தன. பி வைட்டமின் மிகுந்த ஈஸ்ட்டைக் கொடுத்தபோது ஆறின. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற மருத்துவர்கள், மக்காச்சோளமே பிரதான உணவாக இருந்த பெண்களிடம் அதே புண்ணைக் கண்டு, ரிபோபிளேவின் என்கிற பி-2 வைட்டமின் கொடுத்து ஆற்றினார்கள். பி-2 குறைவு ஒரு காரணம். இரும்புச்சத்துக் குறைவு இன்னொரு காரணம். நம் பெண்களிடம் பலசமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மேலே எவ்வளவு வெண்ணெய் தடவினாலும் இந்தப் புண் திரும்பத் திரும்ப வரும்.

பி-2 எதில் இருக்கிறது? பால், தயிர், மோர், முட்டை, ஈரல், கீரை, பயறு. இவற்றில் எது நம் ஊரில் இல்லை? வீட்டுக்கு ஒரு முருங்கை நிற்கிறது. கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடாதீர்கள். அது பி வைட்டமின்களை அழிக்கும். வடித்த கஞ்சியைக் கழனித் தொட்டியில் ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம். பாலை வெயில் படும்படி வைக்கக் கூடாது. வெளிச்சத்தில் பி-2 கெட்டுவிடும்.

கர்ப்பிணிகள் நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். துணை சுகாதார நிலையத்தில் இலவசம். மலம் கருப்பாகப் போவது இரும்பினால். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மாத்திரையோடும் சோற்றோடும் டீ, காப்பி குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். எலுமிச்சையின் பலனைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அங்கன்வாடியில் தருகிற சத்துமாவை அம்மாதான் சாப்பிட வேண்டும். அதை உருண்டை பிடித்து ஆளாளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அவர் வெறும் டப்பாவைக் கழுவுவது பல வீட்டில் நடக்கிறது.

ஆண்களுக்கு ஒரு வேலை. இன்று இரவு வீட்டுக்காரியை உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. “எங்க வீட்ல அப்படிப் பழக்கம் இல்லீங்க” என்பவர்கள் முதலில் ஒரு முட்டையிலிருந்து தொடங்குங்கள்.

பின்வரிசை அய்யாமார் பயந்த விஷயத்துக்கும் இப்போது வந்துதான் ஆகவேண்டும். பதினோரு மாதக் குழந்தை இடுப்பில் இருக்கும்போது ஐந்து மாதம் வயிற்றில் என்றால், முதல் பிரசவத்தில் இழந்த ரத்தம் ஊறுவதற்கே அந்த உடம்புக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளை பிறந்து, அடுத்தது உண்டாக இரண்டு வருடமாவது போகட்டும். காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். பால் கொடுக்கும் தாய்க்கு எது பொருந்தும் என்று செவிலியர் சொல்வார். இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றினார்கள். மாத்திரையும் முட்டையும் கீரையும் தொடர்ந்தன. சில வாரத்தில் கடைவாய் ஆறியது. பிரசவம் நல்லபடியாக நடந்தது. மாமியார் என்னைப் பார்த்தால் இன்றும், “என்ன சார், வெண்ணெய் வைத்தியம் எப்படிப் போகுது?” என்று கேட்பார்.

இன்னொன்று. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். உதட்டிலோ கன்னத்தின் உள்ளேயோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் தடிப்பு, கட்டி இருந்தால் வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்தாதீர்கள். வலிக்கவில்லையே என்று சும்மா இருக்கவும் கூடாது. புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கும். அப்போதே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். வயதானவர்களுக்குப் பல் போய் வாய் உள்வாங்கினால் கடைவாயில் எச்சில் தேங்கிப் புண் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வரும். அவர்களும் டாக்டரிடம் காட்டட்டும்.

முன்வரிசையில் ஒரு தங்கச்சி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: “பிள்ளைக்கு இருபது நாள். மேல் உதட்டில் கொப்புளம் மாதிரி இருக்கு. தேன் தடவலாமா?” பால் குடிக்கிற குழந்தைக்கு மேல் உதட்டு நடுவில் தோல் தடித்திருப்பது சப்பிக் குடிப்பதால். வலி கிடையாது, தானாகப் போய்விடும். எதுவும் தடவ வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் நரம்பைத் தாக்கும். பெரியவர்கள் யாருக்காவது உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருந்தால் பச்சைக் குழந்தையை முத்தமிடக் கூடாது. குழந்தையின் உதடும் நாக்கும் காய்ந்து, மூத்திரம் குறைந்து, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அது பனிக்காற்று அல்ல, உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். தாய்ப்பாலை நிறுத்தாமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரியானாலும் 108க்குப் போன் போடுங்கள்.