தும்பாவில் கண்ட கோயில்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சென்றுவந்த யாத்திரையைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி செயலாளர் பணித்தார். யாத்திரை என்றதும் கதிர்காமம் என்றோ சிதம்பரம் என்றோ எண்ணிவிடாதீர்கள். நாங்கள் போனது ரொக்கட் விடும் ஊருக்கு!

எங்கள் மகள் சாதாரணதரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தாள். "என்ன வேண்டும்?" என்று கேட்டோம். சங்கிலி கேட்பாள் என்றிருந்தோம். அவளோ, "தும்பாவைக் காட்டுங்கள்" என்றாள். அப்போது வீட்டிலே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிப்பேன் என்பது அவள் கட்சி. பெண்பிள்ளைக்கு அது பாரம், வர்த்தகமே போதும் என்பது எங்கள் கட்சி. ஊரைச் சுற்றிக்காட்டினால் பிடிவாதம் தணியும் என்று நினைத்தே, வேளாண்மை வெட்டி மிஞ்சிய காசை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அம்மம்மாவும், பத்மநாபசுவாமி கோயிலைக் காட்டுவதானால் வருகிறேன் என்று கூட வந்தார்.

ஏறாவூரில் புகைவண்டி ஏறிக் கொழும்பு சேர்ந்து, அங்கிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரத்தில் இறங்கினோம். சுவாமி தரிசனம் முடித்து, மறுநாள் தும்பா சென்றோம். மணற்கரை, தென்னை, வள்ளம், வலை. நம் கடற்கரை ஊரொன்றில் நிற்பதுபோலவே இருந்தது.

அந்த மீனவக் கிராமத்தை விஞ்ஞானிகள் ஏன் தேர்ந்தார்கள்? புவியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டிற்கு நேர் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், பகற்பொழுதில் மின்னோட்டம் ஒன்று ஆறுபோல ஓடுகிறது. பலூனுக்கு அது எட்டாத உயரம். செய்மதிக்கோ மிகத் தாழ்வு. அதை அளக்க ரொக்கட்டே வேண்டும். தும்பாவின் அகலக்கோடு ஏறத்தாழ எட்டரைப் பாகை. நம் செங்கலடி அதற்குச் சற்றே தெற்கு. ஆகவே அது நமக்கு அந்நியமான வானமன்று.

ஆனால் அந்த இடத்தில் புனித மரிய மதலேனாள் தேவாலயமும் மக்களின் குடியிருப்பும் இருந்தன. டாக்டர் விக்கிரம் சாராபாய், மேற்றிராணியார் பீற்றர் பேர்னாட் பெரேரா அவர்களிடம் சென்று இடம் கேட்டார். அவர் தாமாக ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரச்சொல்லி, கூடியிருந்த சனங்களிடமே கேட்டார். அறிவுக்காகவும் மக்கள் நலத்துக்காகவும் உங்கள் கோயிலைத் தருவீர்களா என்று கேட்க, அவர்கள் ஒருவாயாக ஆமென் என்றார்கள். இதை அப்துல் கலாம் பல மேடைகளிலே சொல்லியிருக்கிறார். இராமேசுவரத்திலே பிறந்த அவரும் அந்தத் தேவாலயத்தில் வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர்.

கட்டடத்தை இடிக்கவில்லை, அதுவே அலுவலகமாயிற்று. ரொக்கட்டின் கூம்புப் பகுதியைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுசென்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்கா தந்த நைக்கி அப்பாச்சி ரொக்கட் அங்கிருந்து எழுந்து வானத்திலே சோடிய ஆவியால் செம்மஞ்சள் மேகம் ஒன்றைத் தீட்டிற்று. 1967 நவம்பரில் இந்தியாவிலேயே செய்த ரோகிணி ரொக்கட் பறந்தது. இன்று அத்தேவாலயம் விண்வெளி நூதனசாலை. முற்றத்திலே ரொக்கட்டுகள் தூண்கள்போல் நிற்கின்றன.

புயலைக் காட்டும் செய்மதியைப் பற்றி மகள் விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மம்மா நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "78ஆம் ஆண்டு கார்த்திகையில அந்தக் காத்து வந்த ராவு, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லியே பிள்ள. கூரை போச்சு, தென்னை போச்சு, சனம் போச்சு. முன்னமே கண்டு சொல்லுற படிப்பெண்டா, அதைப் படிக்கவேணாமெண்டு யார் சொன்ன?" என்றார். சொன்னவர்கள் நாங்களே. தலைகுனிந்து நின்றோம்.

விண்வெளிக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் கிளார்க், 1956 முதல் இலங்கையையே வீடாகக் கொண்டு, 2008இல் இங்கேயே மறைந்தவர். கோணமாமலையின் அடியிலே கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவரும் அவரே! வானத்தை நோக்கிய கண், நம் பழம்பெருமையையும் தேடிற்று.

தம்பி தங்கையரே! 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரனின் தென்துருவத்தை அண்டி இறங்கிய சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். இந்திய விண்வெளி நிறுவனத்தின் தலைவராயிருந்த சிவன், குமரி மாவட்டத்து உழவர் மகன். கிராமத்துப் பாடசாலையில் தமிழிலே படித்தவர். வயலும் வறுமையும் தடையல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பெரியோர்களே! தும்பாவின் மீனவர் தங்கள் கோயிலையே கொடுத்தார்கள். உங்களிடம் நாங்கள் கோயிலைக் கேட்கவில்லை. பூசை முடிந்தபின் பூட்டிக்கிடக்கும் மடத்திலே ஒரு மேசை, ஒரு விளக்கு, மாலை இரண்டு மணி நேரம் இவ்வளவே கேட்கிறோம். கணிதமும் விஞ்ஞானமும் கற்கும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், இருட்டில் பஸ்ஸுக்கு நில்லாமல் நம்மூரிலேயே இருந்து படிக்கட்டும். கற்றவர்கள் முறைவைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். கல்விக்கு இடங்கொடுத்தால் கோயிலின் புனிதம் குறையாது, கூடும்.

எங்கள் மகள் கணிதப் பிரிவிலேயே சேர்ந்திருக்கிறாள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோது அம்மம்மா அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். அந்த மேசையில் முதல் பிள்ளையாக அவள் வந்து அமர்வாள். மற்றப் பிள்ளைகளை நீங்கள் அனுப்புங்கள்.