நாங்கள் வாசித்த இரண்டு நாவல்கள்



நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் பழைய மாணவிகள் சிலர் மாதம் ஒரு புத்தகம் வாசித்து வருகிறோம். அண்மையில் வாசித்த இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கியது 'எரியும் பனிக்காடு'. டேனியல் தோட்டத்து டாக்டர். கதை வால்பாறையில் நடக்கிறது. அங்கே மேஸ்திரி, இங்கே கங்காணி. முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போடும் வித்தை ஒன்றுதான். எழுத்து தெரியாத எங்கள் அம்மாமாருக்குச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினோம். அட்டைக்கடி வந்ததும் ஓர் அம்மா, "இதையெல்லாமா புத்தகத்துல போடுவாங்க?" என்று கேட்டார். அதைவிட நல்ல விமர்சனம் எங்கள் கூட்டத்தில் வரவில்லை.

மற்றது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. நம் மலையகப் பெண்ணின் பாட்டை ஒரு பெண்ணே எழுதியது. சில இடங்களில் கண்ணீர் கூடுதல்தான். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. வெளிவந்தது 1964. அதே வருடம்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

எங்களோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் போனார்கள். பாதி வகுப்பில் பெயர் வெட்டி, தலைமன்னாரில் கப்பலேறினார்கள். படித்து முடிக்காததால் பழைய மாணவிகள் பட்டியலில் அவர்கள் இல்லை. நூற்றாண்டுப் பட்டியலில் சேர்க்கச் சங்கத்திடம் கேட்டோம், சம்மதித்திருக்கிறார்கள். உங்களுக்கு நினைவிலுள்ள பெயர்களை, தோட்டத்தின் பெயரோடு, வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள்.