வந்தாறுமூலை விடுதி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அரிக்கன் லாம்போடு பரணில் அமர்ந்து வேளாண்மைக்குக் காவலிருந்துவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் சென்ற ஏழைச் சிறுவன், புத்தி தீட்சண்யம் எவ்வளவு உடையவனாயினும் ஆரம்ப வகுப்புகளோடு படிப்பை நிறுத்த நேர்ந்த காலத்தில், கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் கிராமப்புறங்களில் பரவிய மத்திய கல்லூரிகளும், அவற்றுக்கு மாணாக்கரைத் தெரிந்தெடுத்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையுமே, அவனுக்கு விடுதியையும் வேளைச் சோற்றையும் விஞ்ஞானக்கூடத்தையும் அளித்தன. மட்டக்களப்புப் பகுதியில் அவ்வகையில் விளங்கியது வந்தாறுமூலை மத்திய கல்லூரி. அதன் வளவிலேதான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

ஏழைக்கென ஏற்பட்ட அப்பரீட்சை, இன்று டியூஷன் வகுப்புகளின் பந்தயமாகிவிட்டது விபரீதமே. பெற்றோரே, பத்து வயதுப் பிள்ளைக்கு மாலையில் விளையாட அவகாசம் கொடுங்கள்; வெட்டுப்புள்ளி தவறினால் வையாதிருங்கள்.