துபாஷியின் வழக்கு



2007ஆம் ஆண்டில் பழைய மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்கி, அதில் லினக்ஸை நிறுவினேன். திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை சொன்னபடி கேட்டது, கம்பியில்லா வலையட்டை மட்டும் ஊமையாய்க் கிடந்தது. அதைச் செய்தவர்கள் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் தந்திருந்தார்கள். டிரைவர் என்பது ஒரு கருவியோடு கணினி எவ்வாறு பேசவேண்டும் என்று கற்பிக்கும் நிரல். அதன் மூலநிரல் அவர்களது பெட்டகத்துள் பூட்டிக் கிடந்தது.

நண்பரொருவர் என்டிஸ்ராப்பர் என்னும் நிரலைப் பரிந்துரைத்தார். அது ஒரு துபாஷி. லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள் அமர்ந்து, விண்டோஸ் டிரைவரை அப்படியே ஏற்றி, இரு தரப்புப் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொல்லும். என் அட்டை உயிர் பெற்றது. ஆனால் கெர்னல் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டது: தான் களங்கப்பட்டுவிட்டதாக.

கருவியை வாங்கியவன் நான்; கணினியும் என்னுடையது; களங்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சினம் மூண்டது.

விடை உரிமத்தில் இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய கெர்னல், 1992இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த உரிமம் அது. யாரும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் அதிலிருந்து பிறந்த ஆக்கத்தை வழங்குவோர் மூலநிரலையும் அதே நிபந்தனையோடு தரவேண்டும். கெர்னலோடு ஒட்டி இயங்கும் டிரைவர் அதிலிருந்து பிறந்த ஆக்கமா, தனி ஆக்கமா? வழக்கறிஞர்கள் இதில் இன்றும் ஒரு குரலாகப் பேசுவதில்லை.

கெர்னலை எழுதுவோர் தீர்ப்புக்குக் காத்திராமல் 2001 அளவில் இரு காவல்களை அமைத்தார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு கூறும் தன் உரிமத்தை அறிவிக்கவேண்டும். மூடிய நிரலாயின் களங்கக் குறி விழும். மேலும், கெர்னலின் சில உட்பணிகள் ஜி.பி.எல். கூறுகளுக்கு மட்டுமே திறக்கும்.

காவல் இருந்தால் கள்ளச் சாவியும் இருக்குமல்லவா? 2004இல் ஒரு நிறுவனத்தின் மோடம் டிரைவர் தன்னை "ஜி.பி.எல்." என்று அறிவித்து, உடனே ஒரு சுழிக் குறியை வைத்து, அதன் பின்னர் "இன்ன கோப்புகளுக்கு மட்டும்" என்று தொடர்ந்தது. சி மொழியில் சுழிக் குறியோடு சொற்றொடர் முடிந்துவிடும். மனிதர் முழுவதையும் படிப்பர். கெர்னலோ முதற்சொல்லோடு நின்றுவிடும்! பயனருக்கு எச்சரிக்கைத் தொல்லை வேண்டாமென்றே அவ்வாறு செய்ததாக அந்நிறுவனம் சொல்லிற்று.

துபாஷியின் வழக்கு இவ்வளவு எளிதன்று. என்டிஸ்ராப்பர் உண்மையாகவே ஜி.பி.எல். நிரல், ஆனால் அது கைப்பிடித்து அழைத்து வருவது மூடிய நிரலை. அந்த விண்டோஸ் டிரைவர் லினக்ஸை அறியாமலே எழுதப்பட்டது. லினக்ஸின் பிள்ளை ஆகாது என்றனர் ஒரு சாரார். இடைத்தரகர் வழியாக யாரும் நுழையலாமெனில் கதவு எதற்கு என்றனர் மறுசாரார். 2006இல் இது பெரிய வாதமாயிற்று. 2.6.24 பதிப்புக்குப் பின் செய்த ஒரு மாற்றத்தால் அதன் அனுமதி தவறுதலாகப் பறிபோக, 2008 பிப்ரவரியில் அதைத் திருப்பித் தந்து, காரணத்தையும் நிரலிலேயே குறித்து வைத்தார்கள். களங்கக் குறியை மட்டும் நீக்கவில்லை. இத்தீர்வு எனக்கு நியாயமாகவே படுகிறது. பின்னர் 2020இல், மூடிய கூறு ஒன்றின் துணையை நாடும் கூறும் மூடியதாகவே கொள்ளப்படும் என விதி இறுகியது.

என் சினம் தணிந்த கதையையும் சொல்லவேண்டும். ஓர் இரவு கணினி உறைந்து நின்றது. அன்றைய எழுத்தெல்லாம் போயிற்று. பிழை அறிக்கை அனுப்பினேன். மூடிய டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் அப்பிழை வருகிறதா பாருங்கள் என்று பதில் வந்தது. முதலில் அது அலட்சியமாகத் தோன்றியது. பிறகு யோசித்தேன்: கண்ணால் காணமுடியாத நிரலில் எந்த மருத்துவன் நாடி பார்ப்பான்? என்னாலும் பார்க்க முடியவில்லை. துபாஷியை எழுதியவர்களாலும் முடியாது. பார்க்கக்கூடியவர்களோ அட்டையை விற்றதோடு விலகிவிட்டார்கள்.

பிராட்காம் நிறுவனம் 2010இல் தன் புதிய வலையட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. என்விடியா 2022இல் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது, பிற பகுதிகளைத் திறக்கவில்லை. என் அட்டைக்கும், அதன் நடத்தையைப் பொறுமையுடன் ஆராய்ந்த யாரோ சிலர் திறந்த டிரைவர் எழுதி முடித்தார்கள். அன்று துபாஷிக்கு விடை கொடுத்துக் கணினியை மீண்டும் இயக்கினேன். களங்கக் குறி இருந்த இடத்தில் சுழியம் நின்றது.