ட்ரிஸ்டன் கரையோரத்துக் கடற்காடு

தெற்கு அட்லாண்டிக்கில், மனிதர் வாழும் அடுத்த தீவான செயின்ட் ஹெலினாவிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ட்ரிஸ்டன் ட குன்யாவைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் அதன் எரிமலைச் சிகரத்திலேயே தொடங்குவதால், நேயர்கள் அதைக் கேட்டுச் சலித்திருக்கக்கூடும். சிகரம் இருக்கட்டும், கரைக்குச் சற்று அப்பால் அலைமேல் பழுப்பாக மினுங்கும் பட்டைதான் இவ்வுரையின் பொருள். கெல்ப் எனப்படும் பேருருவக் கடற்பாசி அடர்ந்து வளர்ந்த காடு அது.

மரம்போல் நிமிர்ந்து நின்றாலும் இப்பாசிக்கு வேர் கிடையாது. பிழிந்த இடியாப்பம்போல் பின்னிக்கிடக்கும் பிடிப்புறுப்பு அடிப்பாறையைக் கவ்விக்கொள்ள, தண்டு நெடுக அமைந்த ஒவ்வோர் இலைத்தகட்டின் அடியிலும் கோவைக்காய் போன்ற காற்றுப்பை இருப்பதால், பாசி தன் பாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வெளிச்சத்தை எட்டுகிறது. வாய்ப்பான நீரில் ஒரே நாளில் அரை மீட்டர் வரை வளரக்கூடிய இதன் நிழலில்தான் தீவாரின் முதன்மை வருவாயான கல்லிறால் ஒதுங்கி வாழ்கிறது.

கல்லிறால் என்றதும், ஒதுக்கிவைத்த எரிமலையே மீண்டும் வந்து நிற்கிறது, நேயர்கள் பொறுத்தருள்க. 1961இல் அது வெடித்தபோது, கடலுக்குள் வழிந்த எரிமலைக்குழம்பு இறால் பதனிடும் ஆலையையும் படகு இறங்கும் கரைகளையும் மூடிவிட, தீவார் 264 பேரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே மின்விளக்கும் கடைத்தெருவும் கிடைத்தும், மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் திரும்பவேண்டும் என்றோர் 148 பேர், வேண்டாம் என்றோர் வெறும் 5 பேர். 1963இல் பெரும்பாலோர் தம் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கே மீண்டனர்.

மனிதர் கப்பலேறிப் போய்த் திரும்பலாம். பாறையைப் பற்றிய பாசிக்கு அது இயலாது. கடல் சூடேறினால் மேல்நீர் கனம் குறைந்து, ஆழத்துக் குளிர்நீருடன் கலவாமல் நிற்க, பாசிக்கு உரமாகும் நைட்ரேட் மேலே வந்துசேராமல் போகிறது. தாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் இக்காடுகள் ஏறத்தாழ 95 விழுக்காடு அழிந்ததற்கு வெப்ப நீரோட்டம் வலுத்ததே முக்கியக் காரணம். நீண்ட கண்டக்கரையில் வாழும் இனம் தலைமுறை தலைமுறையாகக் குளிர்ந்த பக்கம் நகர இடமுண்டு. ட்ரிஸ்டன் பாசிக்கோ அந்த இடமில்லை: தெற்கே சில நூறு கிலோமீட்டரில் காஃப் தீவு, அதன்பின் நெடுந்தூரம் ஆழ்கடல். 2020இல் ட்ரிஸ்டனைச் சுற்றி ஏறத்தாழ 6.87 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது பெரிய செயலே. ஆனால் அந்த எல்லைக்கோடு மீன்பிடிக் கப்பல்களைத் தடுக்கலாம், கடலின் வெப்பத்தைத் தடுக்காது.

கடல் அடங்கிய நாளில், ஊரில் தொங்கும் உலோக உருளையைத் தட்டி மீன்பிடி நாள் அறிவிக்கப்படுகிறது. ஓசை கேட்டதும் சிறுபடகுகள் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு இறாலைத் தேடிக் கிளம்புகின்றன.