மூன்றாவது ஆள்



ஒரே வீட்டிலிருந்து ஒரே படைக்குப் போனவர்களைப் பற்றித் தமிழில் எழுந்த பழம் பாடல்களுள் ஒன்று ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. புறநானூற்றின் 279ஆவது பாட்டு. வாகைத் திணை, மூதின் முல்லைத் துறை. முன்னொரு நாள் நடந்த போரிலே ஒருத்தியின் தமையன் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். தந்தை என்று பொருள் கொள்வாரும் உளர். நேற்றைய போரில் கணவன் மாண்டான். இன்று மீண்டும் போர்ப்பறை கேட்கிறது. வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவனையும் அனுப்புகிறாள்.

மறக்குடிப் பெண்ணின் வீரம் என்று விளக்கம் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதுதான் நம் வழக்கம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். அவளைக் காணும் ஒருவர், இவள் மனம் இருந்தவாறு என்னே என்று நடுங்கியபடிதான் பேசத் தொடங்குகிறார். வியப்பும் அச்சமும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. பிறகு புலவர் கணக்கிடுகிறார். முன்னொரு நாள் ஒருவன், நேற்று ஒருவன், இன்று ஒருவன். வீரத்தைப் பாடியவரே அதன் விலையையும் எண்ணி வைத்துவிட்டார்.

உறவினர் எதிரெதிர் அணியில் நிற்பது வேறு துயர். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவில் நின்று கோவூர் கிழார் பாடியது அது. உறவினர் ஒரே அணியில் நிற்பதைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓர் ஊராரையே ஒரு கொம்பனியாகத் திரட்டினார்கள். தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் நின்றார்கள். கூடப்பிறந்தவன் பக்கத்தில் நிற்கும்போது எவன் புறமுதுகிடுவான்? அதுவே அம்முறையின் பலம். 1863 யூலை 1ஆம் திகதி கெட்டிஸ்பேர்க்கில் வட கரோலைனாவின் 26ஆவது படைப்பிரிவு, வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை ஒரே நாளில் இழந்தது. அதன் ஒரு கொம்பனியில் மூன்று சோடி இரட்டையர் இருந்தனர் என்று அப்படையின் வரலாறு கூறும். அப்படியொரு கொம்பனி அழிந்தால் ஓர் ஊரின் பல வீடுகளில் ஒரே நாளில் ஒப்பாரி எழும்.

அதே நாட்டில் 1942இல் ஒரு போர்க்கப்பலோடு சலிவன் சகோதரர் ஐவரும் மாண்டனர். குடும்பத்தில் எஞ்சிய ஒரே மகனைக் கட்டாய சேவைக்கு அழைக்கலாகாது என்று 1948இல் சட்டமே எழுதினார்கள். மாசாத்தியார் எண்ணிய அதே எண்ணிக்கைதான். சட்டம் போகாதே என்கிறது, பாட்டில் தாய் போ என்கிறாள்.

நம் மண்ணில் 1983 முதல் 2009 வரை நடந்தது எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அண்ணன் போன வழியில் தங்கையும் போன வீடுகள் உண்டு. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். பின்னர் வன்னியில் 'வீட்டுக்கு ஒருவர்' என்பது கட்டாயமாயிற்று. கடைசி ஆண்டுகளில் அந்த ஒன்று என்ற எல்லையும் நிற்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். மனித உரிமை அமைப்புகள் இவற்றைப் பதிவு செய்துள்ளன. எதிர்ப்பக்கத்திலும் தொழில் இல்லாத தெற்குக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் சம்பளத்துக்காகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

பிள்ளையை ஒளித்துவைத்த தாய் ஒருத்தி, அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்துக் காப்பாற்ற முயன்ற தாய் இன்னொருத்தி. இவர்களுக்கு எந்தத் துறை வகுத்திருக்கிறோம்? மூதின் முல்லை இவர்களைக் கொள்ளாது. ஆனால் தமையனையும் கணவனையும் பறிகொடுத்தபின், மிஞ்சிய ஒருவனைப் பிடித்துவைத்துக்கொண்டவளிடம் துணிவு இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

இப்பாட்டைப் படிப்பிக்கும்போது ஒரு மாணவன் கேட்டான், "சேர், அந்தப் பெடியனுக்கு எத்தினை வயசு?"

வயது பாட்டில் இல்லை. விடை இருக்கிறது. வேலை அவன் கையில் எடுத்துக் கொடுப்பவள் தாய். வெள்ளை ஆடையை விரித்து உடுத்திவிடுபவள் அவள். பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவுபவளும் அவளே. தானாக உடுக்கவும் தலைவாரவும் பழகாத வயது என்று மாணவனுக்குச் சொன்னேன். அவன் மறுபடி பாட்டைப் படித்துப் பார்த்தான். அந்தப் பெடியன் ஒரு சொல்லும் பேசுவதாக அதில் இல்லை.